முதல் பருவத்துக்குப் பென்சில் போதும்

வாசகர் கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். மனைவி பட்டணத்தில் தையல் கடையில் வேலை செய்கிறார். மூத்த மகள் எஸ்.பி.எம். முடித்து, கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் உட்புற வடிவமைப்பு டிப்ளோமா படிக்கப் போகிறாள். இன்னும் ஆறு வாரத்தில் வகுப்பு தொடங்குகிறது. கணினி வேண்டும் என்கிறாள். ஊர்க் கடையில் 5,800 வெள்ளி விலையுள்ள கேமிங் மடிக்கணினியைக் காட்டி, மாதம் 225 வெள்ளி வீதம் 36 மாதம் கட்டினால் போதும் என்கிறார்கள். தோழிகள் மேக்புக் வாங்கச் சொல்கிறார்களாம். தங்கை மகனோ, அலுவலகத்தில் கழித்துவிட்ட மடிக்கணினியை 1,300 வெள்ளிக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறான். என் கையில் 4,000 வெள்ளி சேர்ந்திருக்கிறது. இதற்கிடையில் இந்த ஆண்டு திருவிழாப் பதாகையை மகளே செய்யட்டும் என்று கோயில் கமிட்டியிலும் சொல்லிவிட்டார்கள். எதை வாங்குவது?

பதில்:

ஐயா, வணக்கம்.

குலை வெட்டுகிறவருக்குக் கருவியைப் பற்றி நான் பாடம் நடத்தக் கூடாது. இளம் மரத்தில் குலை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். அதற்கு உளி போதும். மரம் வளர்ந்துவிட்டால் நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் வேண்டும். இளம் மரத்துக்கு யாராவது நெடுங்கம்பை விற்க வந்தால் சிரித்து அனுப்பிவிடுவீர்கள். கணினி வாங்கும்போதும் மரம் எது என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் கடிதத்தில் கடைக்காரர் பேசுகிறார், தோழிகள் பேசுகிறார்கள், தங்கை மகன் பேசுகிறார். கல்லூரி மட்டும் வாயே திறக்கவில்லை.

மகளைக் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். சேர்க்கைப் பிரிவில் கேட்டால் 'நல்ல கணினியாக வாங்குங்கள்' என்பார்கள்; அதில் நமக்கு ஒரு பயனும் இல்லை. உட்புற வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளரைத் தேடிப் பிடித்து, எந்த மென்பொருளை எந்தப் பருவத்தில் தொடங்குகிறீர்கள், அதற்கு உரிமம் கல்லூரி தருமா, கணினிக் கூடம் இரவில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. விரிவுரையாளர் சொல்லாமல் விடுவதை அந்தப் பிள்ளை சொல்லும்.

நான் ஈப்போவில் வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். புது மாணவர்கள் வரும் ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான். முதல் நாள் பளபளக்கும் மடிக்கணினிகளோடு வருவார்கள். மறுநாள் நாங்கள் வரைபலகை, 'டி' அளவுகோல், ஏ3 தாள், பென்சில் என்று பட்டியல் கொடுப்போம். கோடு இழுக்கவும், அளவுக்கு வரையவும், அட்டையை வெட்டி ஒரு அறையின் சிறு மாதிரி செய்யவும் கை பழகாமல் திரைக்கு முன் உட்கார்ந்து ஒரு பயனும் இல்லை என்பது பெரும்பாலான வடிவமைப்புப் பள்ளிகளின் எண்ணம். நாலாயிரம் வெள்ளிப் பொருள் பருவம் முழுவதும் பையில் தூங்கும். கல்லூரியும் இதையே சொன்னால் இப்போது வாங்காதீர்கள். பணத்தை வங்கியில் விட்டு, முதல் பருவத்துக் கட்டுரைகளைக் கணினிக் கூடத்தில் தட்டச்சு செய்யட்டும். ஆறு மாதம் கழித்து வாங்கினால் என்ன தேவை என்பது உங்களைவிட, என்னைவிட, மகளுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். அதோடு அட்டை, பசை, வெட்டுக்கத்தி, பெரிய தாளில் அச்செடுக்கும் கூலி என்று கை வேலைக்கே பணம் ஒழுகும். பெற்றோர் யாரும் இதற்கு ஒதுக்கி வைப்பதில்லை. பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் கேட்டிருந்தாலும் வகுப்பு தொடங்கிய அன்றே பணம் கைக்கு வராது. அந்த இடைவெளிக்கும் உங்கள் நாலாயிரத்தில் கொஞ்சம் மீதி இருக்க வேண்டும்.

முதல் பருவத்திலேயே கணினி வேண்டும் என்று கல்லூரி சொல்லிவிட்டால், அல்லது இரண்டாம் பருவத்தில் வாங்கும் நேரம் வந்துவிட்டால், கீழே எழுதுவது உதவும்.

மேக்புக் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்; வீட்டில் அதிகச் சண்டை அதைப் பற்றித்தான் இருக்கும். நல்ல பொருள். திரை அருமை, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், எடை குறைவு. புத்தக வடிவமைப்போ சுவரொட்டியோ காணொளித் தொகுப்போ படிக்கிற பிள்ளை என்றால் நானே வாங்கச் சொல்வேன். உங்கள் மகள் படிக்கப் போவது உட்புற வடிவமைப்பு. அந்தத் துறையில் கட்டட வரைபடத்துக்கு ரெவிட், முப்பரிமாணக் காட்சிக்கு த்ரீடிஎஸ் மேக்ஸ் என்று இரண்டு மென்பொருள்கள் அடிக்கடி வரும். இரண்டும் விண்டோஸில் மட்டுமே ஓடுகிறவை. மேக் கணினிக்கு வெளியிடப்படவே இல்லை. முன்பு, கணினிக்கு மூளையான சில்லு இன்டெல் நிறுவனத்துடையதாக இருந்த மேக்கில் விண்டோஸையும் ஏற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. அந்தச் சில்லு வைத்த கணினிகளில் அந்த வழி இல்லை. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், போட்டோஷாப் எல்லாம் மேக்கிலும் ஓடும் என்று தோழிகள் சொல்வார்கள். சரிதான். நான்கு ஓடி ஐந்தாவது ஓடாவிட்டால் அந்த ஐந்தாவது பாடத்தன்று மகள் அடுத்தவர் கணினியைக் கேட்டு நிற்க வேண்டும். கல்லூரிப் பட்டியலில் அந்த இரண்டும் இல்லை என்று உறுதியானால் மட்டும் மேக்புக்கை யோசியுங்கள். அப்போதும் ஒரு எச்சரிக்கை: 2024 அக்டோபரில்தான் ஆப்பிள் தன் மேக்புக் ஏர் கணினிகளுக்குக் குறைந்தபட்ச நினைவகத்தை, அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் ரேமை, 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. மலிவு விலையில் கண்ணில் படுபவை பல பழைய 8 ஜிபி கணினிகள். பின்னால் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள அதில் வழி கிடையாது.

தங்கை மகன் சொன்ன 1,300 வெள்ளிக் கணினி கெட்ட யோசனை இல்லை, வேறு பிள்ளைக்கு. கணக்கியல் படிக்கிறவருக்கு அதுவே போதும். வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஓட, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லிலிருந்து வேண்டும். அலுவலகங்கள் கட்டுக்கட்டாகக் கழித்துவிடும் கணினிகளில் அதற்கும் முந்தியவை நிறைய. அந்தத் தேர்வில் தேறினாலும் அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் தனிக் கிராபிக்ஸ் கார்டு இருப்பதில்லை. உங்கள் மகளுக்கு அது வேண்டும்.

ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். உட்புற வடிவமைப்பில் ஒரு வரவேற்பறையை வரைந்து முடித்தபின், சன்னல் வழியாக வெயில் விழுந்தால் தரை எப்படி மின்னும், நாற்காலியின் நிழல் எங்கே விழும் என்று கணினியைக் கணக்குப் போட வைத்து, புகைப்படம் போன்ற ஒரு படத்தை எடுப்பார்கள். இதற்கு ரெண்டரிங் என்று பெயர். ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்ற கணக்கு அது. பல்லாயிரம் சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அந்த வேலைக்கென்றே பிறந்தது. அது இல்லாத கணினி இரவு முழுக்கச் சுடச்சுட உட்கார்ந்து யோசிக்கும். காலையில் படம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

இதனால்தான் கடைக்காரர் கேமிங் மடிக்கணினியைக் காட்டுகிறார். அந்த வகையில் அவர் தவறாகச் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் செய்த கணினியில் அந்தக் கார்டு இருக்கும். 5,800 வெள்ளிக்கான கணினி தேவையா என்பதுதான் கேள்வி. டிப்ளோமா அளவுக்கு என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற கார்டு போதும். அதன் 6 ஜிபி நினைவு மாணவர் வேலையைத் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3050 இன்னும் மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம். ஆனால் அந்தப் பெயரிலேயே 4 ஜிபி கார்டும் 6 ஜிபி கார்டும் சந்தையில் இருக்கின்றன; 6 ஜிபியைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு சூட்சுமம்: ஒரே பெயருள்ள கார்டு ஒல்லியான கணினியில் குறைந்த மின்சாரத்திலும் தடித்த கணினியில் முழு மின்சாரத்திலும் ஓடும். 4050ஐ எடுத்துக்கொண்டால் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வித்தியாசம் இருக்கிறது. அழகாக மெலிந்திருக்கும் கணினியைப் பார்த்து மயங்குவதற்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும்.

கார்டைப் பற்றிக் கடையில் எல்லாரும் பேசுவார்கள். திரையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எனக்கு அங்கேதான் சூடு பட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் மலிவான ஒரு மடிக்கணினி வைத்திருந்தேன். தீமிதித் திருவிழாவுக்கு ஒரு பதாகை. மஞ்சளும் குங்குமமும் திரையில் மங்கிக் கிடந்தன. அடர்த்தி போதவில்லை என்று நினைத்து ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். அச்சாகி வந்ததைக் கம்பத்தில் கட்டியபோது அம்மன் முகம் முழுக்க ஆரஞ்சு. கமிட்டித் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை மட்டும் பாதி கொடுத்தார். பிழை நிறத்தில் இல்லை. அந்த நிறத்தைக் காட்டும் சக்தி என் திரைக்கு இல்லை.

இதை அளக்க ஒரு பொது அளவு இருக்கிறது: எஸ்ஆர்ஜிபி. எச்பியும் மைக்ரோசாப்டும் 1996இல் சேர்ந்து முன்வைத்த நிற எல்லை அது. விவரத் தாளில் '100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி' என்று எழுதியிருந்தால் நல்ல திரை. என்டிஎஸ்சி என்பது இன்னொரு நிற அளவு; '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் ஓடிவிடுங்கள். அது எஸ்ஆர்ஜிபி எல்லையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும். விலையைக் குறைக்கக் கேமிங் கணினி செய்கிறவர்கள் கைவைக்கும் முதல் இடம் திரைதான். ஒரே கார்டு, ஒரே சில்லு, முந்நூறு வெள்ளி வித்தியாசத்தில் இரண்டு கணினிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பெரும்பாலும் அந்த முந்நூறு திரையில்தான் இருக்கும். கொடுத்துவிடுங்கள். வேறு எங்காவது மிச்சம் பிடிக்கலாம்.

நினைவகம் 16 ஜிபிக்குக் குறையவே கூடாது. போட்டோஷாப்புக்கே அடோபி நிறுவனம் 8 ஜிபி குறைந்தபட்சம் என்றும், 16 ஜிபி இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. உங்கள் மகள் அதோடு ஸ்கெட்ச்அப்பையும் திறந்து, மாதிரி தேடி உலாவியில் இருபது பக்கங்களையும் திறந்து வைத்திருப்பார். பின்னால் கூட்டிக்கொள்ள உள்ளே இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில கணினிகளில் நினைவகம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். எட்டோடு பிறந்தது எட்டோடு சாகும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 இறுதியிலிருந்து அவற்றின் விலை ஏறியிருக்கிறது. ஆகவே எட்டு வாங்கிப் பிறகு கூட்டுவது முன்பு போல் மலிவான தந்திரம் இல்லை.

சேமிப்புக்கு எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். சில்லு இன்டெல் ஐ5 ஆகவோ ரைசன் 5 ஆகவோ இருக்கலாம். பெயரின் கடைசியில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் கனமான வேலைக்கானது, 'யு' இருந்தால் பேட்டரியை மிச்சப்படுத்துவது. தொடுதிரை, வண்ண விளக்கு மின்னும் விசைப்பலகை, இவற்றுக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். மின்னேற்றியையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். மகள் அதைச் சுமந்துகொண்டு எல்ஆர்டியில் நிற்கப் போகிறார்.

இப்போது பணம். மாதம் 225 வீதம் 36 மாதம் என்றால் 8,100 வெள்ளி. 5,800 வெள்ளிப் பொருளுக்கு 2,300 கூடுதல். அந்த 2,300ஐ வைத்து இன்னொரு பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கிவிடலாம். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல், மூன்று ஆண்டு, மழை பெய்து வெட்டு நின்ற மாதத்திலும் போய்க்கொண்டே இருக்கும். கல்லூரி முடியும்போது கணினி கிழடாகியிருக்கும், தவணை அப்போதுதான் முடிந்திருக்கும். வேண்டாம் ஐயா. உங்கள் நாலாயிரத்தில் 3,600க்கு மேல் கணினிக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் நடுவில் உருளை வைத்த ஒரு நல்ல சுட்டி வாங்குங்கள். ஸ்கெட்ச்அப்பில் அந்த உருளையை அழுத்தித்தான் அறையைச் சுற்றிச்சுற்றிப் பார்க்க வேண்டும். கூடவே வேலையைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளிச் சேமிப்பகம். 3,600க்குள் 4050 கார்டும் நல்ல திரையும் சேர்ந்து அகப்படவில்லை என்றால் திரையை விட்டுக்கொடுக்காதீர்கள். கார்டில் ஒரு படி இறங்குங்கள்.

ஊர்க் கடையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஈப்போவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். கோலாலம்பூர் போகிற நாளில் புக்கிட் பிந்தாங்கில் லோயாட் பிளாசாவையும் ஒரு சுற்றுச் சுற்றலாம். எங்கே வாங்கினாலும் மலேசிய உத்தரவாதமா, 'ஏ.பி. செட்' எனப்படும் வெளிவழி இறக்குமதியா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பின்னதில் இருநூறு முந்நூறு குறையும். பழுதானால் தயாரிப்பாளரின் சேவை மையம் கைவிரித்துவிடலாம். வீட்டில் வருமான வரி கட்டுகிறவர் இருந்தால், ரசீது அவர் பெயரில் இருக்கட்டும். தனக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ வாங்கும் கணினி, 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிவிலக்கில் அடங்கும். அண்ணன் தங்கைக்கு வாங்கினால் அடங்காது.

'எல்லா மென்பொருளையும் ஐம்பது வெள்ளிக்கு ஏற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். திருட்டு மென்பொருளோடு கிருமியும் வரும்; ஒப்படைக்கும் முதல் நாள்தான் அது வேலையைக் காட்டும். அதற்குத் தேவையும் இல்லை. ஆட்டோகேட், ரெவிட், த்ரீடிஎஸ் மேக்ஸ் மூன்றையும் வெளியிடும் ஆட்டோடெஸ்க், மாணவர் என்று உறுதி செய்தால் இலவசமாகவே தருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முப்பரிமாண வேலைக்கான பிளெண்டர் எல்லாருக்கும் இலவசம். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டருக்கு அடோபியின் மாணவர் சலுகை உண்டு. அதுவும் கனமாக இருந்தால், அதே வகை வேலைக்கான அஃபினிட்டி என்ற மென்பொருளைப் பார்க்கலாம். 2025 அக்டோபர் இறுதியில் கேன்வா நிறுவனம் அதை இலவசமாக்கிவிட்டது.

விடுமுறையில் மகள் தோட்டத்துக்கு வருவார். பிற்பகல் இடி மின்னல் பேராக்குக்குப் புதிதில்லை. வானம் கறுத்தவுடன் மின்னேற்றியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடச் சொல்லுங்கள்; சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும். லயத்து வீட்டில் எறும்புத் தொல்லை இருந்தால் இரவில் கணினியை மூடி உறையில் வையுங்கள். சூட்டோடு அணைத்த கணினிக்குள் எறும்பு குடியேறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோயில் பதாகைக்குப் புதுக் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் பயன்படுத்திய கணினியோ அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியதோ போதும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளட்டும். தமிழ் அதில் ஒழுங்காக வரும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் பத்தி அமைப்பை 'வேர்ல்ட் ரெடி' என்பதற்கு மாற்றாவிட்டால் 'கோயில்' என்று அடித்ததில் கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். நாட்டில் தொங்குகிற பதாகைகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. யூனிகோட் எழுத்துருவாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்; 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், அவர் செய்த எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளிலேயே இருக்கின்றன. முடிந்ததும் எழுத்தையெல்லாம் வளைகோடுகளாக மாற்றி பிடிஎப் கோப்பாக அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. அதற்கு முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துக் கமிட்டிச் செயலாளரிடம் கொடுத்து, உபயக்காரர் பெயர்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். பெயர் விட்டுப்போனால் பழி பிள்ளை மேல்தான் விழும்.

கல்லூரியிலிருந்து மென்பொருள் பட்டியல் வந்ததும், கடையில் பார்த்து வைத்த கணினியின் முழு மாதிரி எண்ணோடு எனக்கு எழுதுங்கள். பெயரும் நிறமும் போதாது. அடியில் ஒட்டியிருக்கும் நீளமான எண் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் எழுதுங்கள், ஐயா.